என்ன கூலி?

கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றுக்குக் கீழே தொழில் என்று ஒரு வரி உண்டு. அரசு மருத்துவமனை வார்டுகளில் அந்த வரியில் பெரும்பாலும் ‘கூலி’ என்றுதான் எழுதியிருக்கும். கல் உடைப்பவரும் கூலி, நாற்று நடுபவரும் கூலி, சூளையில் செங்கல் அறுப்பவரும் கூலி. செங்கல்பட்டு வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவம் கற்பித்துவரும் ஒரு பேராசிரியைக்கு இதைக் கண்டாலே கோபம் வரும். மாணவர் நீட்டும் தாளில் அது இருந்தால் மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார். “என்ன கூலி? போய்க் கேட்டுட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மாணவர்கள் அவரை மேடம் என்கிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வகுப்பறையையும் ஆய்வகத்தையும் மட்டுமே பார்த்திருந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களை முதன்முதலாக வார்டுக்குள் அழைத்துப் போகுமுன் தயார் செய்வது, அவர் தானாக விரும்பி ஏற்றுக்கொண்ட பொறுப்பு. பதவி உயர்வுக்கு அது உதவாது. ஆனாலும் ஒரு மருத்துவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பது அந்தச் சில நாட்களிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

2019-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டிலேயே நோயாளியை அருகிருந்து பார்க்க வைப்பது, நோயாளியிடம் பேசும் முறையையும் மருத்துவ அறத்தையும் தனிப் பாடமாக நடத்துவது என்று பல நல்ல மாற்றங்கள் அதில் வந்தன. இரண்டாம் கட்டத்தில் மாணவர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வார்டில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறைகள் இப்படி எந்த முன்தயாரிப்பும் இல்லாமல்தான் உள்ளே போயின. வெள்ளைக் கோட்டும் புது ஸ்டெதஸ்கோப்பும் ஹட்சிசன் எழுதிய கிளினிக்கல் மெத்தட்ஸ் புத்தகமும் கையில் இருக்கும். 1897-ல் முதலில் வெளியான புத்தகம் அது. இன்றும் பதிப்பு மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. மீதியைச் சீனியரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். சீனியரிடம் நல்லது இருந்தால் நல்லது வரும். நோயாளியை ‘பன்னிரண்டாம் பெட் சிரோசிஸ்’ என்று கூப்பிடும் பழக்கமும் அதே வழியில்தான் வரும்.

மேடத்தின் பயிற்சி ஒரு கட்டிலில் தொடங்குகிறது. மாணவர் ஒருவர் மருத்துவமனை உடுப்பைப் போட்டுக்கொண்டு அதில் படுக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். மேடம் காலடியில் நின்று, படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே, அவருக்கு இருப்பதாகச் சொல்லப்படும் நோயைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாகப் பேசுவார். ஒருவர் வயிற்றை அழுத்துவார். இன்னொருவர் கேட்காமலே போர்வையை விலக்குவார். சில நிமிடங்களில் படுத்திருப்பவரின் முகம் மாறிவிடும். எழுந்து உட்கார்ந்ததும் என்ன தோன்றியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “நான் அங்க இருக்கறதே யாருக்கும் தெரியாத மாதிரி இருந்துச்சு மேடம்.”

அதன் பிறகு அவர் அதிகம் விளக்குவதில்லை. கை கழுவிவிட்டு வரவேண்டும். பெயரைச் சொல்லி, நான் மாணவன், உங்கள் டாக்டர் இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐயா, அம்மா, அண்ணே, பாட்டி என்று வயதுக்கேற்ப அழைக்க வேண்டும். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பெண் நோயாளியை மாணவன் பரிசோதிக்கும்போது சிஸ்டரோ மாணவியோ உடன் இருக்க வேண்டும். “வேணாம்பா, இப்பதான் நாலு பேரு பாத்துட்டுப் போனாங்க” என்று அவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. செல்போனில் படம் எடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது.

இந்தக் கடைசி விஷயங்களில் அவர் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதய வால்வில் நல்ல ‘மர்மர்’ கேட்கும் நோயாளி ஒருவர் வார்டில் சேர்ந்தால், செய்தி விடுதிவரை பரவும். ஒரே நாளில் எத்தனையோ பேர் அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுப் போவார்கள். தேர்வுக் காலத்தில் இப்படிப்பட்டவர்களை லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்று வரிசையாகப் படுக்க வைப்பதும் உண்டு. தடுமாறும் மாணவனிடம், “மைட்ரல்னு எழுது தம்பி” என்று மெதுவாகச் சொல்லிக்கொடுக்கும் நோயாளிகளை மேடம் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் தன் உடம்பையே பாடப்புத்தகமாகத் தருகிறார், கட்டணம் வாங்குவதில்லை. அதைப் பெறுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் தன் முழு வேலையும் அடங்கியிருக்கிறது என்கிறார் மேடம்.

சரி, கூலிக்கு வருவோம்.

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருக்களில் நடந்தால் முன்பு உளிச் சத்தம் கேட்கும். இப்போது அதையும் மீறிக் கேட்பது கிரைண்டர் இயந்திரத்தின் இரைச்சல். 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயில்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சிலைகள் போகின்றன. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதை மின்கருவியால் அறுக்கும்போதும் இழைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு பறக்கிறது. உளியால் தெறிக்கும் சில்லுகளை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். இந்த நுண்தூசோ நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்காரும். உடம்பு அதைக் கரைக்க முடியாமல் சுற்றிலும் தழும்பு கட்டும். அதுதான் சிலிக்கோசிஸ். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் பெரும்பாலும் வெளியே தெரியும். தூசு அதிகமானால் அதற்கு முன்பே வரும். வந்த தழும்பை அகற்ற மருந்து இல்லை.

அப்படிப்பட்ட ஒருவர் இருமலும் மூச்சு வாங்குதலுமாக வார்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த உடம்பு. எக்ஸ்-ரேயில் நுரையீரலின் மேல் பகுதியில் புள்ளி புள்ளியாக நிழல்கள். காசநோய் மிகுந்த நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான், அதில் தவறில்லை. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், எக்ஸ்-ரேயை மட்டும் நம்பி ஆறு மாத மாத்திரை தொடங்கப்படுவதுண்டு. மாத்திரை முடிந்த பின்னும் இருமல் அப்படியே இருக்கும். அவர் மறுபடி கிரைண்டரைக் கையில் எடுப்பார். இன்னோர் ஊரில், இன்னொரு மருத்துவமனையில் மீண்டும் அதே மாத்திரை. மேடத்தின் யூனிட்டுக்கு ஒருமுறை இப்படி வந்தவரின் பழைய சீட்டுகள் எல்லாவற்றிலும் தொழில் கூலி என்றே இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திதான், “என்ன கூலி அண்ணே?” என்று கேட்டுவிட்டு வந்தாள். சிலைப் பட்டறை. எத்தனை வருஷம்? பதினாறு வயதிலிருந்து. கிரைண்டரா, உளியா? கிரைண்டர். முகத்தில் எதைக் கட்டிக்கொள்வீர்கள்? துண்டு.

நான்கு கேள்விகள். அதற்குப் பிறகு சி.டி. ஸ்கேன் வெறும் உறுதிப்படுத்தலாகத்தான் இருந்தது.

குணப்படுத்த முடியாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேவையில்லாத மாத்திரை நிற்கும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், வந்தால் உடனே கண்டுபிடிக்கக் கண்காணிக்கலாம். தூசிலிருந்து அவரை விலக்கினால் மேலும் மோசமாவது தள்ளிப்போகலாம். அதே பட்டறையில் வேலை செய்யும் தம்பியை இப்போதே பரிசோதிக்கலாம். தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லலாம். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கீற்றுக் கொட்டகையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் பட்டறையைச் சட்டம் தொழிற்சாலை என்று எண்ணவில்லை. அந்த இடத்தில் கேள்வி கேட்க மருத்துவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டிஸ் காலம் முதல் சொல்லப்பட்டு வந்தவற்றோடு, என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்றார். ஏழை வீட்டுக்குப் போகும் மருத்துவர் அவசரமாக நாடி பார்த்துவிட்டுக் கிளம்பாமல், கிடைத்த முக்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் எழுதினார். கல் தச்சர்களின் நுரையீரலைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. மேடம் இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறார். முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய கேள்விக்கு இன்றும் ‘கூலி’ என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது மாணவர்களுக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக.

கேள்வி தெரிந்தால் மட்டும் போதாது, பதிலும் புரிய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகின்றன. கேரளம், ராஜஸ்தான், பீகார் என்று பல ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் தமிழ் கற்றுக்கொள்வது சில மாதங்களில் நடந்துவிடும். ஆனால் அது வகுப்புத் தோழர்களின் தமிழ். வார்டில் படுத்திருக்கும் மீனவர், “வலை பிரிக்கச்சொல்ல கடிச்சிச்சி” என்பார். பிரிக்கும்போது என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்கிறார்கள். மதுரைப் பிள்ளையே ஒரு கணம் திகைத்து நிற்கும்.

2020 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அப்படி வந்தவர்களில் பலர் முதல் ஆண்டில் ஆங்கிலப் புத்தகங்களோடு போராடுகிறார்கள். கடைசி வரிசையில் உட்காருகிறார்கள், கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வார்டுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பாட்டி எதைச் சொல்ல வருகிறாள் என்பது அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. நெஞ்சு கரிக்கிறது என்பதற்கும் நெஞ்சு அடைக்கிறது என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடம் இந்த இரு தரப்பையும் ஜோடி சேர்த்துவிடுகிறார். அரசுப் பள்ளி மாணவி கேட்பாள், வெளி மாநில மாணவன் எழுதுவான். பிறகு அவன் அவளுக்கு ஆங்கிலத்தில் கேஸ் பிரசன்ட் பண்ணப் பழக்குவான். இந்த ஒதுக்கீடு பற்றி எத்தனையோ விவாதங்கள் நடந்தன. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதனால் கிடைத்த லாபம் கண்கூடு என்பது மேடத்தின் உறுதியான கருத்து.

அடுத்து பாம்பு.

வேலைக்கு அடுத்தபடியாக மேடம் கேட்கச் சொல்லும் கேள்வி, “ராத்திரி எங்கே படுத்தீங்க?” நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் அதிக உயிர்களைப் பறிப்பவை. இவற்றில் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் தூங்குபவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலிக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். பிறகு இமை சொருகும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும். பாம்பு என்ற பேச்சே எழாததால் வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த ஒருவர் காலையில் இமையைத் தூக்க முடியாமல் வந்தால், தரையில் படுத்தாரா என்று கேட்டே ஆகவேண்டும். “மேலே பாருங்க” என்று சொல்லி, இமை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கவனிக்க வேண்டும்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் இரத்தம் உறையாது. அதைக் கண்டறிய பெரிய ஆய்வகம் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறிவிட்டது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் இந்தச் சோதனை தப்பாகிவிடும். மேடம் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்கள் 20 நிமிடமும் அங்கேயே நிற்க வேண்டும். நடுவில் தூக்கி ஆட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் பயிற்சி.

குழந்தைக்குப் பாம்புக்கடி மருந்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்பார். பாதி வகுப்பு ஆமாம் என்று சொல்லும். பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கடிப்பதில்லை. சிறிய உடம்புக்குள்ளும் அதே அளவு நஞ்சுதான் இறங்குகிறது. ஆகவே குழந்தைக்கும் பெரியவருக்கான அளவேதான்.

அந்த மருந்து எங்கிருந்து தொடங்குகிறது என்று காட்டுவதற்காகவே, விடுமுறை நாளில் விருப்பமுள்ள மாணவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்கு அவர் கூட்டிப் போவதுண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பைப் பறித்திருந்தன. பாம்பு வல்லுநர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இங்குள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் உருவானது. வயலில் பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்தின் பெரும்பங்கு இங்கு எடுக்கும் நஞ்சிலிருந்து வருகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக்கியது. நாளை இந்த மாணவர்கள் நிரப்பப்போகும் படிவம் அது.

கடல் பாம்பு வேறு கதை. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடிக்கும். கடிவாயில் வலி அதிகம் இருக்காது. பிறகு உடம்பெல்லாம் தசை வலிக்கும், சிறுநீர் கறுத்துப் போகும், சிறுநீரகம் பழுதாகும். இங்கே கிடைக்கும் மருந்து அதற்கு எதிராகத் தயாரிக்கப்பட்டதே இல்லை. “கடலுக்குப் போறவரா?” என்று கேட்காத மாணவர் அந்தக் கறுத்த சிறுநீருக்கு வேறு ஏதேதோ காரணம் தேடிக்கொண்டிருப்பார். திருக்கை, கெளுத்தி முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். மீனவர் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது தெரியும். புது ஹவுஸ் சர்ஜன்களில் பலருக்குத் தெரியாது.

செங்கல்பட்டு நகரத்தை ஒட்டியே திருமணி இருக்கிறது. 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளர்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனையை மத்திய அரசு 1955-ல் ஏற்றுக்கொண்டது. இன்று அது மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம். உலக மருத்துவ வரலாற்றில் செங்கல்பட்டுக்கு இடம் பெற்றுத்தந்த ஒரு நிகழ்ச்சி இங்கேதான் நடந்தது. அதை மேடம் நேரம் எடுத்துச் சொல்வார், நாமும் அப்படியே செய்யலாம்.

1947. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்து சுற்றிக்காட்டினார். மடங்கிப்போன விரல்களோடு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு கைகள் ஏன் இப்படி ஆயின, எலும்பு மூட்டு மருத்துவர்கள் ஏன் இதைப் பார்க்கவே இல்லை என்று பிராண்ட் கேட்டார். ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி அவ்வளவு பலமாக இருந்தது, பிராண்டுக்கு வலித்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது மட்டும் அந்த நோயாளிக்குத் தெரியவில்லை. செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த கையில் உயிரோடிருக்கும் தசைகள் இருந்தன, உணர்வுதான் இல்லை. அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றி, விரல்களை மறுபடி இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சைகள் வேலூரில் வளர்ந்தன, உலகெங்கும் பரவின.

மேடம் இதில் மாணவர்களுக்குக் காட்டுவது, அந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்பட்டது எவ்வளவு குறைவு என்பதைத்தான். ஒரு மருத்துவர், தொழுநோயாளியைத் தொட எல்லோரும் அஞ்சிய காலத்தில், தன் கையை நீட்டினார். என்ன உணர்ந்தோம் என்று யோசித்தார். பிறகு மாணவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகுகிறார்கள். முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் நரம்பை விரலால் உருட்டி, அது தடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்கிறார்கள். வெளிறிய தேமலைக் குழல் விளக்கில் தேடாமல் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். 2005 இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது என்று தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டதாக அறிவித்தார்கள். அதன் பிறகும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். ஒழிந்த நோய் என்று மனத்தில் பதிந்துவிட்டால் கண் அதைத் தேடாது.

இந்த மாவட்டத்து மக்கள் மருத்துவ உலகுக்குக் கொடுத்தது இதோடு முடியவில்லை. 1968-ல் அன்றைய ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் அந்த ஊசி காக்கவில்லை என்ற முடிவு உலகத்தையே அதிர வைத்தது. பாடப்புத்தகத்தில் ‘சிங்கிள்புட் ட்ரையல்’ என்று படித்துவிட்டு, அது தாங்கள் பஸ் ஏறி இறங்கும் ஊர்தான் என்று தெரியாமலே தேர்வு எழுதியவர்கள் உண்டு.

மாணவர்களின் பாதுகாப்பையும் அவர் விட்டுவிடுவதில்லை. வார்டுக்குப் போகுமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பயப்படாமல் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று மறைப்பவர்கள்தான் அதிகம் என்பதால், தன் வகுப்பில் யாரையும் அதற்காகத் திட்டப்போவதில்லை என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஜி.எஸ்.டி. சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஓடும் மாவட்டம் இது. வார இறுதி இரவுகளில் விபத்துப் பிரிவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. அங்கே மாணவருக்குள்ள முதல் வேலை, வழியில் நிற்காமல் இருப்பது. அடுத்தது, இரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, கழுத்து அசையாமல் தாங்குவது, வந்த நேரத்தை எழுதுவது. ஹவுஸ் சர்ஜன் ஆனதும் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டை எழுத வேண்டிவரும், நீதிமன்றம்வரை போகும் பதிவேடு அது, கிறுக்கலாக எழுதக் கூடாது.

அதைவிடக் கடினமானது வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் பேசுவது. இதையும் மேடம் வகுப்பில் நடித்துப் பார்க்க வைக்கிறார். நின்றுகொண்டே சொல்லக் கூடாது. அவர்களை உட்கார வைத்து, தானும் உட்கார வேண்டும். யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்க வேண்டும். ‘எக்ஸ்பயர்டு’ என்பதற்குள் ஒளிந்துகொள்ளாமல், இறந்துவிட்டார் என்று தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எழுந்து ஓடிவிடக் கூடாது. நடிப்பு என்று தெரிந்தும் இந்த இடத்தில் அழுத மாணவர்கள் இருக்கிறார்கள். அழுவதை அவர் தடுப்பதில்லை.

சில ஆண்டுகளாக, மாணவர்கள் முதல் ஆண்டிலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து சந்திக்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறது. சில கல்லூரிகளில் இது ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சடங்காகப் போய்விட்டது வருத்தம்தான். மேடத்தின் மாணவர்களுக்குக் கிடைத்தது கடலோர மீனவக் குடியிருப்பு. அங்கே ஒரு வீட்டில், ரத்த அழுத்த நோயாளி ஒருவருக்கு எவ்வளவு சொல்லியும் அளவு இறங்கவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார். அட்டைகள் பிரிக்கப்படாமலே பெட்டியில் இருந்தன. மாணவன் ஒருவன் குறை சொல்லாமல் பேச்சுக் கொடுத்தான். அவர் சொன்னார்: “விடியக்காலம் கடலுக்குப் போகச்சொல்ல அந்தத் தண்ணி மாத்திரையப் போட்டா, நடுக்கடல்ல அடிக்கடி ஒண்ணுக்கு வருது தம்பி. ஒத்தக் கையில மோட்டாரப் புடிச்சிக்கினு இன்னா பண்றது?”

சிறுநீர் பெருக்கும் மாத்திரைதான் அது. மாணவன் குறித்துக்கொண்டு வந்து சொன்னான். மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். ரத்த அழுத்தம் இறங்கியது. அடுத்த அணிக்கான பயிற்சியில் மேடம் ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு மாணவரும் நாள்பட்ட நோயாளி ஒவ்வொருவரிடமும் இனி கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்: “இந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடறீங்க, போட்டதுக்கப்புறம் எங்க இருப்பீங்க?”